மாசிலாமணியும் வினைல் உறையும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் காருக்கு வினைல் உறை ஒட்டுவித்தல் இக்காலத்து வழக்கம். புழுதி படிந்த உறையை உலர்ந்த துணியாற் துடைக்குங்கால் மணற்றுகள் கீறும். அக்கீறல்கள் வெயிலிற் சுழிகளாய்த் தோன்றும். அவற்றை மெருகுப் பசையிட்டுத் தேய்ப்பின் உறையும் உடன் தேயும். பளபளப்பில்லா உறையோ திட்டுத்திட்டாய் மினுங்கும்.

இதனைச் செம்பிற் களிம்புபோல ஆணவத்துக்கு உவமையாக்குதல் பொருந்தாது. களிம்பு செம்போடு உடனாயது, சகசம்; கீறலோ இடையில் வந்தது. ஆகந்துகமாகிய கன்மத்துக்கே ஒருபுடை ஒக்கும்: நீக்கப் புகுந்த கையே மேலும் ஒன்றை ஈட்டுகின்றது.

அவ்விரண்டூர்க்கும் இடையேயுள்ள வடதிருமுல்லைவாயிலில், தொண்டைமான் வாள் பட்ட தழும்பைத் திருமேனியிற் கொண்ட பெருமானுக்குத் திருநாமம் மாசிலாமணி! அத்தழும்பை ஒருவரும் தேய்த்து மாற்றப் புகுந்திலர். சந்தனக் காப்பே சாத்துவர். சித்திரைச் சதயத்தன்று அது களையப்பெறும்.