சித்தப்பா காதும் ஒரு மிட்டாய் டப்பாவும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆய்வு, டெட்லைன்னு புலம்ப ஆரம்பிச்சா நீங்களே ஓடிடுவீங்க. அதனால இன்னைக்கு வேற கதை. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் வரும், பயந்துடாதீங்க. பிளஸ் டூ இயற்பியல்ல வீட்ஸ்டன் சமனச்சுற்று படிச்சவங்களுக்கு (பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணவங்களும் சேத்திதான்) எல்லாம் புரியும்.

பாளையங்கோட்டையில இருக்கிற என் சித்தப்பா ஒரு ஹாம். சாப்பிடுற ஹாம் இல்லை மக்களே, அமெச்சூர் ரேடியோ. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். நான் சின்னப் பையனா இருந்தப்ப மொட்டை மாடியில ரெண்டு மூங்கில் கம்புக்கு நடுவுல கம்பி கட்டி, ராத்திரி பூரா மோர்ஸ் தட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். சித்தி திட்டிக்கிட்டே காபி கொண்டு வந்து வைப்பாங்க. எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தது அவர்தான், சாப்பாட்டுத் தட்டுல கரண்டியால தட்டி.

இங்கிலாந்துக்குப் படிக்க வந்த ரெண்டாவது வருஷம் ஃபவுண்டேஷன் லைசென்ஸ் பரீட்சை எழுதினேன். 26 கேள்வி, 19 சரியா இருந்தா பாஸ். 2024-ல இருந்து இந்த லைசென்ஸுக்கு 25 வாட் வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா என்கிட்ட இருந்த பழைய பெட்டி 10 வாட்தான் தரும். வாடகை வீட்டுப் பின்பக்கம் ஒரு கண்ணாடி நாரிழைக் கம்பம் நட்டு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மீட்டர் கம்பியை இறக்கிக் கட்டினேன். 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல். அங்க இருந்து ஜன்னல் வழியா என் மேசை வரைக்கும் இருபது மீட்டர் கோஆக்ஸ் கேபிள். செகண்ட்ஹேண்ட், அடிமாட்டு விலை.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க மதியம் மூணு, அங்க ராத்திரி ஏழரை. சித்தப்பா அனுப்புறது எனக்குக் கேக்கும், சன்னமா, ஆனா கேக்கும். நான் அனுப்புறது அவருக்குக் கேக்கவே இல்லை. அஞ்சு வாரம் இப்படியே போச்சு.

ஆறாவது வாரம் போன்ல சொன்னார்: "காது போயிட்டுல. நேத்து சித்தி கூப்பிட்டதே கேக்கலை. இதெல்லாம் மூட்டை கட்டி வச்சிரலாம்னு பாக்கேன்."

நான் என்ன சொல்லியிருக்கணும்? "இல்ல சித்தப்பா, என் பக்கமும் ஏதாவது கோளாறு இருக்கும்"னு சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "என் ஆன்டெனா சூப்பரா இருக்கு சித்தப்பா. எஸ்டபிள்யூஆர் 1.2. என் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்படியா. சரிப்பா"ன்னார். வழக்கமா 'ல' போட்டுப் பேசுற மனுஷன் 'ப்பா' போட்டது எனக்கு ராத்திரி படுக்கும்போதுதான் உறைச்சுது.

மறுநாள் அவரே வாட்ஸ்அப்ல கேட்டார். "எதை வச்சுல அளந்த?" பெட்டியிலயே இருக்கிற மீட்டர்னேன். "ஒரு ரிட்டர்ன் லாஸ் பிரிட்ஜ் கட்டிப் பாரு"ன்னார். நானோ விஎன்ஏன்னு உள்ளங்கை அளவு கருவி கிடைக்குதே, வாங்கிடலாமேன்னேன். "அதுக்குள்ளயும் ஒரு பிரிட்ஜ்தாம்ல இருக்கு. முதல்ல கட்டு, அப்புறம் வாங்கு."

பிரிட்ஜ்னா பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்லை. கிறிஸ்டி 1833-ல சொல்லி, வீட்ஸ்டன் 1843-ல பிரபலமாக்கின அதே சமனச்சுற்றுதான். நாலு கை. மூணு கையில 50 ஓம். நாலாவது கையில நம்ம ஆன்டெனா. ஆன்டெனாவும் சரியா 50 ஓம்னா நடுவுல மின்னழுத்தம் பூஜ்யம். எவ்வளவு விலகி இருக்கோ, அந்த அளவுக்கு நடுவுல சிக்னல் வரும். கல்வனாமீட்டருக்குப் பதிலா ரேடியோ அலையை அளக்கிற டிடெக்டர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா டிடெக்டருக்கும் ஒரு கால் எர்த்து, சிக்னல் கொடுக்கிற பக்கமும் ஒரு கால் எர்த்து. நேரா இணைச்சா பிரிட்ஜோட ஒரு கை ஷார்ட் ஆயிடும். அதனால ஃபெரைட் வளையத்துல ரெண்டு கம்பியையும் சேத்து முறுக்கி, பத்து சுத்து சுத்தி, ஒரு பாலன் நடுவுல போடணும்.

டிடெக்டருக்கு ஏடி8307-னு ஒரு ஐசி. ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் 25 மில்லிவோல்ட் ஏறும், சாதா மல்டிமீட்டர்ல படிச்சுக்கலாம். வெஸ் ஹேவர்டும் பாப் லார்க்கினும் 2001-ல இதை வச்சு ஒரு எளிய பவர் மீட்டர் போட்டதுல இருந்து ஹாம் மக்களுக்கு இது செல்லப்பிள்ளை. சிக்னலுக்கு எஸ்ஐ5351 மாட்யூல். அது தர்றது சதுர அலை, ஹார்மோனிக்ஸ் கூடவே வரும், அதனால லோ-பாஸ் ஃபில்டர் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள்ள அடைச்சேன்.

முதல் தடவை கட்டினது படு மட்டம். கையில கிடைச்ச 51 ஓம் ரெசிஸ்டர், நீளநீளமா கால். சோதிக்கிற விதம் இதுதான்: ஆன்டெனா இடத்துல ஒண்ணும் மாட்டாம திறந்து விட்டு ஒரு அளவு, ஷார்ட் பண்ணி ஒரு அளவு. ரெண்டுலயும் போன சிக்னல் முழுசா திரும்பி வரும், அதனால ரெண்டும் ஒண்ணா இருக்கணும். எனக்கு 2 டெசிபெல் வித்தியாசம். அப்புறம் சரியான 50 ஓம் மாட்டினா எவ்வளவு இறங்குதோ அதுதான் டைரக்டிவிட்டி. எனக்கு வந்தது 18. கருவியே 18-லதான் நிக்குதுன்னா, அதை வச்சு 20, 25னு அளக்கிறது, ஒரு கிலோ கூடக்கொறையக் காட்டுற தராசுல தங்கம் நிறுத்த கதை.

பிரிச்சுட்டு மறுபடி கட்டினேன். ஒரு சதவீத 100 ஓம் சிப் ரெசிஸ்டர் ரெண்டு ரெண்டா பக்கத்துல வச்சு 50 ஆக்கி, காப்பர் போர்டு மேல ஒட்டினாப்புல சால்டர் பண்ணேன். இப்ப திறந்து விட்டா 1.90 வோல்ட், 50 ஓம் போட்டா 1.00 வோல்ட். 900 மில்லிவோல்ட்டை 25-ஆல வகுத்தா 36 டெசிபெல். ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா உக்காந்து சிரிச்சேன்.

ஆன்டெனாவை மாட்டினேன். 1.40 வோல்ட். அதாவது ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபெல், எஸ்டபிள்யூஆர் 1.2. பெட்டி சொன்ன அதே நம்பர்! உடனே சித்தப்பாவுக்கு ஃபோட்டோ. 'பாத்தீங்களா'ங்கிற தொனியிலதான், வேறென்ன.

பதில் ஒரே வரி. "கேபிளோட அந்த முனையில ஆன்டெனாவைக் கழட்டிட்டு அளந்து சொல்லு."

மழையில நனைஞ்சுக்கிட்டே கம்பத்தை இறக்கி, கழட்டி, உள்ள வந்து பாத்தேன். அந்த முனையில ஒண்ணுமே இல்லை. போனது முழுக்கத் திரும்பி வந்து 1.90-க்குக் கொஞ்சம் கீழ காட்டணும். மீட்டர் காட்டினது 1.58.

கிட்டத்தட்ட 13 டெசிபெல். ஆன்டெனாவே இல்லாத ஆன்டெனாவுக்கு! அப்பதான் மண்டையில ஏறிச்சு. சிக்னல் போகும்போது பாதி வழியில கரையுது, திரும்பும்போது மறுபடி கரையுது. போக 6.5, வர 6.5. திரும்பி வர்றது கம்மியா இருந்ததுக்குக் காரணம் ஆன்டெனா எல்லாத்தையும் வாங்கிக்கிட்டதில்லை, கேபிள் தின்னுட்டது. புது கேபிள்னா இந்த நீளத்துக்கு ஒண்ணே கால் டெசிபெல் போகும், அவ்வளவுதான். என் 10 வாட்ல கம்பம் வரைக்கும் போய்ச் சேந்தது ரெண்டே கால் வாட்.

பேட்டரியோட டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போய் கம்பத்தடியில நேரா டைபோல்ல மாட்டினேன். வெறும் 7 டெசிபெல். எஸ்டபிள்யூஆர் 2.6. பெட்டியும் பொய் சொல்லலை, பிரிட்ஜும் பொய் சொல்லலை. ரெண்டும் மேசை முனையில என்ன தெரிஞ்சுதோ அதைச் சொல்லிச்சு. அதை ஆன்டெனாவோட மார்க்குன்னு நான்தான் எடுத்துக்கிட்டேன்.

கேபிளை அறுத்துப் பாத்தா பின்னல் செம்பெல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. டைபோல் சேர்ற இடத்தை நான் ஒழுங்கா மூடலை. முன்னாடி வச்சிருந்தவர் காலத்துத் தண்ணி கொஞ்சம், என் காலத்துது கொஞ்சம். புது கேபிள் வாங்கி, மூட்டுல சுயமா ஒட்டுற ரப்பர் டேப் சுத்தி, கம்பியை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினேன். கம்பத்தடியில 17 டெசிபெல் வந்ததும் நிறுத்திட்டேன். மேசையில பாத்தா 20-க்குக் கொஞ்சம் கீழ. பழைய நம்பரைவிட மோசம்!

அந்த ஞாயிறு மூணு மணிக்கு சித்தப்பாவோட கால் சைனை ரெண்டு தடவை அனுப்பிட்டுக் காத்திருந்தேன். வந்துச்சு. 449. சுமாரான சிக்னல்தான், அனுபவஸ்தர்கள் சிரிப்பாங்க. அதுக்குப் பின்னாடி ஒவ்வொரு எழுத்தா, எனக்காக வேகத்தைக் குறைச்சு அனுப்பினார்: காது நல்லா இருக்குல.

பதில் அனுப்ப எனக்குக் கொஞ்ச நேரமாச்சு. ஆங்கில எழுத்துல மன்னிப்புன்னு முழுசா தட்டுறதுக்குள்ள ரெண்டு தப்பு பண்ணேன். அவர் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் எத்தனை மணிக்குன்னு கேட்டார்.

பி.கு: சித்தி கூப்பிட்டது ஏன் கேக்கலைன்னு அப்புறம் விசாரிச்சேன். தலையில ஹெட்போன் மாட்டியிருந்தாராம். என்னைத் தேடிக்கிட்டு.