அரை அங்குலம்

எங்கள் வீட்டு அம்பாஸிடர் மோட்டார் என் தகப்பனார் காலத்தது. 2014-ஆம் வருஷத்தோடு அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. என் அபிமானம் மட்டும் நிற்கவில்லை.

2016-ஆம் வருஷம், கும்பகோணத்தில் என் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் வண்டியைக் கிளப்பினேன். 'கிறீச்' என்று ஓர் ஓலம்! ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. இஞ்சினின் சுழற்சியை விசிறிக்கும், தண்ணீர்ப் பம்புக்கும், டைனமோவுக்கும் கொண்டுபோவது அந்த ஒரு ரப்பர் வார்தான். அது வழுக்கினால் இஞ்சின் கொதிக்கும். பாட்டரிக்கு மின்சாரம் ஏறாது.

இதற்கு மெக்கானிக் எதற்கு என்று நானே ஸ்பானரை எடுத்தேன். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை வெளிப்புறமாக நெம்பி, மறுபடி முடுக்கவேண்டும், அவ்வளவுதான். வீணைத் தந்தி போல் பெல்ட் விறைக்கும்வரை நெம்பினேன். ஓலம் நின்றது. மனைவியிடம் பெருமையடித்துக் கொண்டேன்.

மறுநாள் விழுப்புரம் தாண்டியதும் பம்பு உறுமத் தொடங்கிற்று. பண்ருட்டிக்கருகில் தண்ணீர் ஒழுகி, ரேடியேட்டர் ஆவி கக்கிற்று. சாலையோரப் பட்டறைக்காரப் பெரியவர் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

"யார் ஸார் இப்படி இறுக்கினது?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"நீளமான பக்கத்திலே நடுவில் கட்டை விரலால் அமுக்கினா அரை அங்குலம் உள்ளே போகணும். பெல்ட் போகலேன்னா பேரிங் போயிடும், ஸார்!"

வேறு பம்பு தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் இரவு கழிந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமலே மாலை மாற்றல் நடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் மோர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தங்கை எனக்கு இலை போட்டாள், பேசவில்லை.