இருநூறு மணிநேரம்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். ஆயினும், சில ஆண்டுகளாக என் நெஞ்சை உறுத்திவந்த செய்தியொன்று இளைய மாணவர்க்குப் பயன்படக்கூடும் என்று கருதி, அதனையே இங்குக் கூற முற்படுகின்றேன்.

வெலிமடையில் என்னிடம் சாதாரண தரம்வரை தமிழ் கற்றான் ஒரு மாணவன். அவன் தந்தையார் உமா ஓயாவை அடுத்த வயலில் ஒரு போகம் நெல்லும் மறுபோகம் உருளைக்கிழங்கும் பயிரிடுபவர். தியத்தலாவைப் பக்கமாக வானில் இரைச்சல் கேட்டால் போதும்; பையன் பாடத்தை மறந்து யன்னலை நோக்குவான். தான் விமானியாவதைப் பற்றி அவன் எழுதிய கட்டுரையை நான் வகுப்பில் உரக்கப் படித்துப் பாராட்டினேன். அந்தப் பாராட்டுக்கு ஒரு விலை உண்டென்பதை அன்று அறிந்தேனல்லேன். பின்னர் அவன் இரத்மலானையில் பறக்கப் பயில்வதற்கு வங்கிக்கடன் பெற்றபோது, பிணை நின்ற இருவருள் நானும் ஒருவன்.

2019ஆம் ஆண்டில் அவன் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்று வந்தான். சர்வதேச விதிப்படி அதற்குப் பொதுவாக வேண்டுவது 200 மணிநேரப் பறப்பு. ஊரார் மாலையிட்டனர். பத்திரம் வந்தால் வேலையும் வந்துவிட்டது என்றே யாவரும் எண்ணினோம். ஆனால், அவன் விண்ணப்பித்த கம்பனிகள் ஆயிரம் மணிக்கு மேற்பட்ட அநுபவம் கேட்டன. பறந்தாலன்றி மணி சேராது. மணி சேர்ந்தாலன்றிப் பறக்க விடமாட்டார்கள். அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து, உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

வெளிநாடுகளில் முயலலாம் என்று அவன் முனைந்தபோதுதான் வேறோர் உண்மை தெரிந்தது. சிக்காகோ நகரில் 1944இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் ஒரு விமானம் எந்நாட்டிற் பதியப்பட்டதோ, அந்நாடே அதன் விமானிக்குப் பத்திரம் வழங்கவேண்டும். அல்லது அவன் வைத்திருக்கும் பத்திரத்தை ஏற்கவேண்டும். ஆகவே நம் நாட்டுப் பத்திரம் எங்கும் தானாகச் செல்லாது. ஐரோப்பாவில் பெருவிமானம் ஓட்ட விரும்பினால் 13 பாடங்களில் புதிதாகப் பரீட்சை எழுதவேண்டும். அமெரிக்காவிலோ, 2009இல் பஃபலோ நகருக்கருகே நேர்ந்த விபத்தில் 50 பேர் மாண்டதன் பின், துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி வேண்டுமென 2013இல் விதி செய்தனர். அவ்விபத்தில் இறந்த விமானிகள் இருவருமே 1500 மணிக்குமேற் பறந்தவர்கள் என்பது வியப்புக்குரியது.

கதவு முற்றும் அடைபட்டிருந்தது என்பதற்கில்லை. இந்தோனேசியாவில் மீன் வணிகஞ்செய்த சூசி புஜியஸ்துதி என்ற அம்மையார், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அச்சேக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற சிறு விமானங்களிலிருந்து வளர்த்தெடுத்த நிறுவனம், குறைந்த மணிகளே பறந்த அயல்நாட்டு இளைஞர் பலரைத் துணை விமானிகளாக ஏற்றது. ஆயின் அது எளிய தொழிலன்று. மலையிடுக்குகளிலே குறுகிய ஓடுபாதைகள். அந்நிறுவனத்து விமானி ஒருவர் 2023 பெப்ரவரியிற் பப்புவாவில் கிளர்ச்சியாளரிடம் சிக்கி, 2024 செப்டெம்பரிலேயே விடுதலை பெற்றார்.

2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்து, வெளிநாட்டுக் கட்டணங்கள் எட்டாத உயரத்துக்குப் போயின. அவ்வேளையில் முகவர் ஒருவர் தோன்றினார். அயல்நாட்டிலே துணை விமானியாக அமர்த்துவதாகவும், பயிற்சிச் செலவை முன்பணமாகக் கட்டவேண்டும் என்றும் கூறினார். ஒரு மாலை, தந்தையார் கோவாவும் கரட்டும் நிறைந்த பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காணிய வித்துடலாமுன்னு இருக்கேன், சேர். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் உடனே விடை கூறவில்லை. காணி போய் வேலையும் கிடையாவிடின், வங்கி என் சம்பளத்தையே நாடும். அவர் நலத்தை மட்டுமன்றி என் நலத்தையும் எண்ணியே பேசினேன் என்பதை மறைக்கமாட்டேன். மாணவனை அழைத்து மூன்று கேள்விகள் எழுதச் சொன்னேன். விமானம் எந்நாட்டிற் பதியப்பட்டது? அந்நாடு உன் பத்திரத்தை ஏற்குமா? தொழில் விசாவைப் பெற்றுத் தருபவர் யார்? முகவரிடமிருந்து மறுமொழி வரவேயில்லை. காணி தப்பியது.

அன்றிரவு என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்குச் செல்லுமுன், தோட்டப் பாடசாலையொன்றில் சம்பளமின்றித் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். அநுபவமற்ற என்னிடம் ஒரு வகுப்பை நம்பி ஒப்படைத்த அதிபர் ஒருவர் இருந்தமையாலன்றோ நான் ஆசிரியனானேன்! "பறப்பைக் கற்பித்தால் உனக்கும் மணி சேருமா?" என்று மறுநாள் மாணவனிடம் வினவினேன். "சேரும் சேர். ஆனால் நான் கற்பிக்கவா படித்தேன்?" என்றான். அச்சொல் என்னைச் சுட்டது, எனினும் பொறுத்துக்கொண்டேன்.

சில மாதங்களின் பின் அவனே பயிற்றுநர் தகைமை பெற்று, புதியவர்க்குப் பறக்கக் கற்பிக்கலானான். ஊதியம் சிறிது, மணிகளோ சேர்ந்தன. ஆயிரத்தைக் கடந்தபின், கிழக்கே ஒரு தீவு நாட்டில் சிறு விமானமொன்றின் துணை விமானியாக அமர்ந்தான். அங்கிருந்து அவன் எழுதிய முதற் கடிதத்தில், "கற்பித்தபோதுதான் சேர், நான் பறக்கவே கற்றேன்" என்றிருந்தது. வங்கிக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை; ஆயினும் தவணை தவறுவதில்லை.

இளைய மாணவர்களே, உயர்ந்த ஆசை கொள்ளுங்கள். ஆனால் பத்திரத்துக்கு ஆகும் செலவோடு, பத்திரத்துக்கும் வேலைக்கும் இடையிலுள்ள ஆண்டுகளின் செலவையும் கணக்கிட்டுப் பெற்றோரிடம் கூறுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். உயர் பதவிகளிலே வீற்றிருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அநுபவம் உண்டா என்று கேட்குமுன், உங்களுக்கு முதல் அநுபவத்தை அளித்தவர் யாரென்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். நம் கல்லூரி நீடு வாழ்க!