காத்திருப்போர் பட்டியலில் அப்பா

தனியாகப் பறக்கிறவர்களுக்குத்தான் பிசினஸ் கிளாஸ் அதிர்ஷ்டம் அடிக்கும். எப்படியும் சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில் விமான நிறுவனங்கள் இருக்கைகளைவிடக் கூடுதலாகவே டிக்கெட் விற்கின்றன. எல்லோரும் வந்து நின்றுவிட்ட நாளில் எகானமி வழியும். முன்னால் ஒன்றிரண்டு இடம் காலியாகக் கிடக்கும். யாரையாவது அங்கே ஏற்றியாக வேண்டும். தங்க அட்டை யாரிடம் இருக்கிறது, கூடுதல் கட்டணம் கொடுத்தவர் யார் என்று பார்ப்பார்கள். ஒற்றை ஆளைத் தூக்கி வைப்பது சுலபம். ஒரே பி.என்.ஆரில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு இடம் வேண்டும், இல்லையென்றால் ஜோடியைப் பிரிக்க வேண்டும். பிறந்தநாள் என்று சொல்வது, பட்டுப்புடவையில் போவது, கவுன்டரில் இனிக்க இனிக்கப் பேசுவது இதெல்லாம் பலித்து நான் பார்த்ததில்லை.

அக்கா மகளுக்கு டென்வரில் பிரசவம். மாமா அறுவடையை விட்டு வர முடியாது என்றுவிட்டார். அக்காவோடு நான் கிளம்பினேன். வேலைக்காக அமெரிக்கா போய்வந்ததில் யுனைடெட்டின் மைலேஜ் பிளஸ் திட்டத்தில் என் பெயரில் தங்கம் ஏறியிருந்தது. (1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிவைத்த வியாதி இது, மைல் சேர்ப்பதற்காகவே சுற்றுவழியில் பறக்கிறவர்களும் உண்டு.) யுனைடெட்டும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் தங்க அட்டைக்காரர் தன்னோடு பறக்கும் ஒருவரை லவுஞ்சுக்குள் அழைத்துப் போகலாம். சென்னையில் நள்ளிரவு தாண்டி அக்கா இட்லி சாப்பிட்டது அந்தப் புண்ணியத்தில்.

ஏறும் வாசலில் என் போர்டிங் பாஸைக் காட்டியதும் எந்திரம் கத்தியது.

“மேடம், உங்களை பிசினஸுக்கு மாத்தியிருக்கு.”

“அக்காவுக்கு?”

“ஒரு சீட்தான் மேடம்.”

அக்காவுக்கு முழங்கால் வலி, அவளுக்கே கொடுங்கள் என்றேன். பட்டியலில் இருப்பது உங்கள் பெயர்தான் என்றார் அந்தப் பையன். பின்னால் வரிசை நெளிந்தது. அக்கா முடிவெடுத்துவிட்டாள். “நீ போடி. எனக்கு ஜன்னலோரம் இருக்கு, போதும்.”

போனேன். வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு, நீட்டிப் படுக்க இடம். பக்கத்தில் பேச ஆளில்லை. நடு இரவில் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தால் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கு உடைத்துக்கொண்டிருக்கிறாள். என் இடத்தில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் ஒரு பையன். “திண்டுக்கல்லாம். அம்மாவுக்கு இவன் ஒரே பிள்ளை,” என்று எனக்கு அறிமுகம் செய்தாள். என்னைவிட அவளுக்கு நன்றாகவே பொழுது போனது.

அலுவலகத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: இரண்டு பேருக்கும் தனித்தனி பி.என்.ஆரில் டிக்கெட் போடு, ஒருவருக்காவது மேலே கிடைக்கும். வயதானவர்களோடு போகும்போது இதைச் செய்யக்கூடாது என்பது என் கட்சி. ஒன்றாக இருக்கும் பி.என்.ஆரைப் பிரித்துவிட்டால் பிறகு ஒட்ட முடியாது. இவர்கள் சேர்ந்து வருகிறவர்கள் என்று ஒரு குறிப்பு போட்டுவைப்பார்கள், அவ்வளவுதான். விமானம் ரத்தானால் ஆளுக்கொரு விமானத்தில் மாற்றிப் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், அக்கா தனியாக ஒரு வாசலைத் தேடி நடப்பதை நினைத்தாலே படுக்கும் இருக்கை கசந்துவிடும்.

அப்கிரேடை நம்புவதைவிட, துணையோடு போகிறவர்கள் விமானத்தின் வகையைப் பார்த்து இடம் பிடிப்பது மேல். ஏர்பஸ் ஏ330 எகானமியில் பெரும்பாலும் இரண்டு, நான்கு, இரண்டு என்று வரிசை இருக்கும். ஏ380இன் மாடியில் எகானமி இருந்தால் அங்கேயும் அப்படித்தான். ஓரத்து இரட்டை இருக்கை கிடைத்தால் மூன்றாம் ஆள் தொல்லையே இல்லை. மும்மூன்றாக வரும் 787இல் ஜன்னலோரத்தையும் நடைபாதை ஓரத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து நடுவை விட்டுவைப்போம். கூட்டம் குறைவான நாளில் நடு இருக்கை காலியாகவே வரும். யாராவது வந்துவிட்டால் ஓரத்தைக் கொடுத்து நடுவை வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை.

அமெரிக்காவுக்குள் பறக்கும்போது கதை வேறு. முன்வகுப்பில் மீதமுள்ள இடங்களை அட்டைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். ஒரே பி.என்.ஆரில் வரும் ஒரு துணைக்கும் அதில் பங்கு உண்டு. யார் எத்தனையாவது என்பது வாசலருகே திரையில் ஓடும்: குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, சொந்தப் பெயரின் முதல் எழுத்து. சிகாகோவில் திரையைப் பார்த்து அக்கா திகைத்துவிட்டாள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயர். அவளுடையதில் மாமா பெயர். விமானத்தில் காலே வைக்காத அப்பாவும், வயலில் நிற்கும் மாமாவும் ஓஹேர் விமான நிலையத்தில் முன்வகுப்புக்காகக் காத்திருந்தார்கள்.

“அப்பா ரேஷன் கடையிலயும் இப்படித்தான் நின்னாரு. நம்ம முறை வரும்போது சீனி தீந்திரும்,” என்றாள் அக்கா.

தீர்ந்துவிட்டது. சிகாகோவிலிருந்து கிளம்பும் விமானங்களில் எங்களுக்கு மேலே பெரிய பெரிய அட்டைக்காரர்கள் இருப்பார்கள்.

பேத்தி பிறந்து, பத்தியச் சாப்பாடு எல்லாம் முடிந்து திரும்பும் நேரத்தில் ஏலத்துக்கு அழைப்பு வந்தது. பல நிறுவனங்கள் இப்போது காலி பிசினஸ் இடங்களை இப்படித்தான் தள்ளிவிடுகின்றன. ஒரு தொகை கேட்கலாம். கூட்டக் கூட்டத் திரையில் முள் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகரும். சொல்லும் தொகை தலைக்கு. ஒரே பதிவில் இருக்கும் இருவருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் அட்டையில் பணம் பிடிப்பார்கள். பிடித்தால் பொதுவாகத் திரும்ப வராது. மலிவு டிக்கெட் சிலவற்றுக்கு இந்த அழைப்பே வராது. மைல்களும் பெரும்பாலும் பழைய எகானமிக் கணக்குப்படிதான். ஆனால் துணையோடு போகிறவர்களைப் பிரிக்காத அப்கிரேட் இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. மிகக் குறைந்த தொகைக்குச் சற்று மேலே, முள் மஞ்சளில் நிற்கும்படி கேட்டேன். ஐரோப்பாவிலிருந்து சென்னை வரைக்கும் கிடைத்தது.

ஏறிப் பார்த்தால் ஒவ்வொரு இருக்கையும் ஒரு தனி அறை. நடுவில் எங்களுக்குக் கிடைத்த ஜோடி இருக்கைகளுக்கிடையே ஒரு தடுப்பு. அதை இறக்கிய பிறகும் முகம் பார்த்துப் பேச இருவரும் முன்னால் குனிய வேண்டியிருந்தது. இத்தனை பணம் வாங்கிக்கொண்டு மனிதர்களை ஒருவருக்கொருவர் மறைப்பதைத்தான் பெரிய வசதி என்கிறார்கள். அக்கா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. காலை நீட்டிப் படுத்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, எவ்வளவு கொடுத்தாய் என்று மறுபடி மறுபடி கேட்டாள். கடைசியில் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தடுப்புக்கு மேலே தலை வந்தது.

“கேட்டதும் குடுத்துட்டான்னா விலை ஜாஸ்தின்னு அர்த்தம். மீன்காரிகிட்ட இப்படியா கேப்பே? அடுத்த தடவை நான் சொல்றேன், அந்த விலைக்குக் கேளு.”