புகார்தாரர் பெயர் இல்லை

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தேனீக்களுக்காக எழுதிக் கொடுத்த மனு கொம்யூன் ஆபீஸில் தூங்கியே செத்தது என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். அதைச் சாகடித்தவன் நான். மனுவின் கடைசிப் பக்கத்தில் ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்ற இடத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

நான் சமூக அறிவியல் ஆசிரியன். காரைக்காலில் இருந்துகொண்டு உள்ளாட்சிப் பாடம் நடத்துவது ஒரு தனி வேடிக்கை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மக்கள் பிரதிநிதிகள், கூட்டம், தீர்மானம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஜன்னலுக்கு வெளியே அதில் ஒன்றும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1880இல் ஆணை போட்டுக் கொம்யூன் என்ற உள்ளாட்சிகளை அமைத்தார்கள். மேர் என்று ஒருவர் இருந்தார். அந்தக் காலத்துத் தேர்தல்களின் அடிதடியையும் கள்ள ஓட்டையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். 1968இல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது முப்பத்தெட்டு வருஷம் கழித்து 2006இல், அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகு. அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டு வழக்கு வந்து நின்றுபோனது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். அப்படி ஒருவர் இல்லை. ஆணையர் என்ற அதிகாரி இருக்கிறார், ஆபீஸ் நடக்கிறது.

இந்தக் கதையை வகுப்பில் ரசித்துச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘இந்த ஊர்ல மனு குடுத்து என்னடா ஆகப்போகுது’ என்று முடிப்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நாட்டு நடப்பைக் கண்டிப்பது போலவும் இருக்கும், நாமும் துரும்பைக் கிள்ளிப் போட வேண்டியதில்லை.

2023 தை மாதத்தில் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் டேங்குக்கு அடியில் மலைத்தேனீ வந்து கட்டியது. ஒற்றை அடை, கருத்துத் தொங்கியது. சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் சில பேர் அதையே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அக்கா செருமாவிலங்கையில் உள்ள வேளாண் கல்லூரியில் படிக்கிறாள். அக்காவின் பூச்சியியல் நோட்டு பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பிறகு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இதை அடுக்குத்தேனீ மாதிரி பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது, உயரத்தில் திறந்த வெளியில்தான் கட்டும், பூ தீர்ந்தால் கூட்டத்தோடு வேறு இடத்துக்குப் போய்விடும், நிலா வெளிச்சம் இருந்தால் ராத்திரியிலும் தேனெடுக்கப் போகும் என்றெல்லாம் எனக்கு அவர்கள்தான் பாடம் எடுத்தார்கள். தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் மாதிரி ஒன்று கிளம்பும், மற்றத் தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு, ‘அதனால பழம் சாப்பிட்டுட்டு டேங்க் பக்கம் போகாதீங்க சார்’ என்று எனக்கே எச்சரிக்கை. கதண்டு வேறு இது வேறு என்று வகுப்பு வகுப்பாகப் போய்ப் படம் காட்டினார்கள். டெல்டாவில் கொட்டி ஆள் செத்தார் என்று அடிக்கடி செய்தியில் அடிபடும் கதண்டு குளவி இனம். மலைத்தேனீயும் சாதுவானது இல்லை. சீண்டினால் துரத்தித் துரத்திக் கொட்டும், உயிருக்கே ஆபத்து என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இதைத் தொடர்ந்துதான் தேனீக்களைக் காப்பதை ஊர் முழுவதற்குமான ஒரு கோரிக்கையாகக் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினார்கள். முதலில் நான் அவர்களை என் அறிவால் மடக்கினேன். நெல்லுக்குத் தேனீ எதற்கு, அது தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் என்றேன். சம்பா அறுவடையின் ஈரத்தில் விதைக்கிற உளுந்தும் பயறும் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் என்றேன். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வீசும்போது தட்டி வைத்துப் பிரசாரம் செய்யலாம் என்று ஒருவன் சொன்னான். மாம்பூவில் தேனீயைவிட ஈக்களுக்குத்தான் வேலை அதிகம் என்று அதையும் உடைத்தேன். சொன்னதெல்லாம் சரியான தகவல்தான். பிள்ளைகள் வாடிப்போவதைப் பார்த்து எனக்குள் ஒரு திருப்தி இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள். நெட்டைத் தென்னையில் ஆண்பூ உதிர்ந்த பிறகுதான் பெண்பூ பக்குவப்படும், அடுத்த மரத்து மகரந்தம் வந்தாக வேண்டும். பூசணியிலும் வெள்ளரியிலும் பாகலிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. எள்ளிலும் பருத்தியிலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். ‘நீங்க வயலப் பாக்குறீங்க சார், கொல்லையப் பாருங்க’ என்றாள், அக்காவின் நோட்டைக் கொண்டுவந்த அந்தப் பெண். கொல்லைப் பூசணியை விற்றுப் பிழைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எனக்குப் பதில் வரவில்லை.

அவர்கள் படித்துத் திரட்டியது கொஞ்சமில்லை. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது, மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருந்தவர்கள் வெறும் பெட்டியோடு நின்றார்கள் என்பது நோட்டில் இருந்தது. பருத்தி விதையில் தடவி வருகிற இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும் என்பதும், அந்த வகையில் மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை செய்தது என்பதும் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டது, அதனால்தான் தேனீ டேங்கைத் தேடி வருகிறது என்பது அந்தப் பெண்ணின் சொந்த வாதம். நிரூபிக்க முடியாது என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது. வெளியில் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட அவர்களைப் பிடித்துக்கொண்டது ஜெர்மனியின் பவேரியா கதை. அங்கே 2019 பிப்ரவரியில், தேனீக்களைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்று கேட்டு மக்கள் அவரவர் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் போட்டாக வேண்டும். குளிரில் வரிசை தெருவுக்கு நீண்டது. சுமார் 17 லட்சம் பேர் போட்டார்கள். அந்த வருஷமே சட்டமன்றம் அதை ஏற்றது. ‘நம்ம கொம்யூன் ஆபீஸ்ல வரிசை நின்னா?’ என்று ஒரு பையன் கேட்டான். வழக்கம்போல நான், ‘அங்க தேர்தல் நடக்குது, இங்க?’ என்றேன்.

அவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002, பிரிவு 41. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லையில் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று அமைக்க வேண்டும். உள்ளூர் மரம், செடி, பூச்சி, விலங்கு அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். மனு இதைத்தான் பிடித்துக்கொண்டது. கொம்யூனின் பதிவேட்டில் தேனீ வகைகளைச் சேருங்கள். பொது இடத்துக் கூட்டைக் கொளுத்துமுன் என்ன இனம் என்று ஒருவரை விட்டுப் பாருங்கள். மலைத்தேனீயாக இருந்து ஆள் நடமாட்டத்தைத் திருப்பிவிட முடிந்தால் எச்சரிக்கைப் பலகை வைத்து, அது கிளம்பும்வரை விடுங்கள். சாலையோர மரங்கள் பூத்திருக்கும்போது காலை நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். புதிதாக நடுவதில் புங்கனும் நாவலும் இலுப்பையும் இருக்கட்டும். இவ்வளவுதான். எங்கள் பள்ளி டேங்குக்கென்றே ஒரு தனிப்பத்தி: பின்வாசலைப் பூட்டிவிட்டு மேற்குவாசலைத் திறந்தால் யாரும் கூட்டுக்கு அடியில் போக வேண்டியதில்லை என்று படம் வரைந்து காட்டியிருந்தார்கள். இருபது வருஷ வேலையில் நான் பார்த்த மனுக்களில் இத்தனை நறுக்கென்று எழுதியது இல்லை. கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன்.

பிறகு உள்ளூர் கேபிள் டிவியில் அவர்களைப் பேட்டி எடுத்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்விக்கு அந்தப் பெண், ‘நாங்களே படிச்சுத் தெரிஞ்சுகிட்டோம்’ என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வயதுக்காரனுக்குப் பதினான்கு வயதுப் பிள்ளைமேல் வரக்கூடாத ஒன்று அது. வந்தது.

மாசி கடைசியில் பொதுத்தேர்வு நெருங்கியது. எங்கள் பள்ளி தேர்வு மையம். ஒரு பையனின் அப்பா போன் செய்து, டேங்கில் கூடு இருப்பது தெரிந்தும் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. மேற்குவாசலைத் திறப்பதுதான் விடை, அதற்குத் தலைமை ஆசிரியரிடம் போய் நான் பேச வேண்டும், அப்படிப் பேசினால் தேர்வு முடிகிறவரை அந்தக் கூட்டுக்கு நான்தான் ஜவாப்தாரி. அதுதான் என்னால் முடியவில்லை. பயம் என்றால் கொட்டுப்படுகிற பயம்கூட இல்லை. ஒரு விஷயத்தில் என் பெயர் மாட்டிக்கொள்ளுமோ என்கிற பயம்.

அன்று சாயங்காலம் ஆணையருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, ‘சார், பிள்ளைங்க மனு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. கமிட்டியில வைக்கலாம்னு இருக்கேன், நேர்ல வரச் சொல்லுங்களேன்’ என்றார். இத்தனை வருஷம் வகுப்பில் நான் சொல்லிச் சிரித்த கதைக்கு நேர்மாறாக ஒரு அதிகாரி பேசினார். அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். நான் சொன்னதை வரிக்கு வரி எழுதுகிறேன்: ‘அதெல்லாம் ப்ராஜெக்ட் மார்க்குக்காக எழுதினது சார். கண்டுக்க வேணாம். பரீட்சை நேரம், மொதல்ல அந்தக் கூட்டை எடுக்க ஏற்பாடு பண்ணுங்க. அது மலைத்தேனீகூட இல்ல, கதண்டு மாதிரி தெரியுது.’ கடைசி வாக்கியம் பொய் என்று சொல்லும்போதே தெரியும். கதண்டு என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நீங்களே சொல்றீங்கன்னா சரி’ என்றார்.

மறுநாள் ராத்திரி தீப்பந்தம் கட்டி வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. காலையில் டேங்கின் அடிப்பக்கம் கரிபிடித்திருந்தது, கீழே கருகியதும் கருகாததுமாகக் குவியல். பிள்ளைகள் அதைப் பெருக்கி அள்ளினார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, ‘யார் சார் சொல்லியிருப்பா?’ என்று கேட்டாள். நான், ‘நான்தான் அப்பவே சொன்னேனே, தேர்தல் இல்லாத ஊர்ல இதான் நடக்கும்’ என்றேன். போனில் சொன்ன பொய்யைவிட இதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. கொம்யூன் ஆபீஸில் அவர்களுக்காக ஒரு கதவு திறந்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். அதை நான் மூடிவிட்டு, அங்கே கதவே கிடையாது என்று பாடம் நடத்தினேன். அவர்கள் நம்பினார்கள். மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரவில்லை.

அவள் மட்டும் விடவில்லை. பள்ளி திறந்ததும் தன் அப்பா பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி எழுதினாள்: கூட்டை அகற்றக் கோரியது யார், எந்தத் தேதியில், மனுமேல் எடுத்த நடவடிக்கை என்ன. வரைவை என்னிடம்தான் திருத்தக் கொண்டுவந்தாள். திருத்தினேன். சந்திப்பிழை இரண்டைச் சரிசெய்தேன், பத்து ரூபாய் கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். முப்பது நாளைக்குள் பதில் வர வேண்டும். அந்த முப்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. பதில் வந்தது. தொலைபேசி வழி வாய்மொழிப் புகார், பொதுமக்கள் பாதுகாப்பு கருதி அகற்றப்பட்டது, புகார்தாரர் பெயர் பதிவில் இல்லை. அந்தத் தாளை அவள் என் மேசைமேல் வைத்தபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் எழுதக் கூசுகிறது. முகத்தில் காட்டாமல், ‘மேல்முறையீடு செய்யலாம்மா’ என்றேன். அவள், ‘வேணாம் சார்’ என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் அந்த ஆபீஸுக்குப் போனேன். அன்று போன் செய்தது நான், கதண்டு என்று சொன்னது பொய், மனு மார்க்குக்காக எழுதியதல்ல என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆணையர் மாறிவிட்டார். கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, ‘இத எந்த ஃபைல்ல சார் வைக்கிறது? அத முடிச்சாச்சே’ என்றார். பழையதோடு சேர்த்து வையுங்கள் என்றேன். முத்திரை குத்திப் படி ஒன்றைக் கையில் கொடுத்தார். பதிவேட்டில் தேனீயைச் சேர்ப்பது பற்றி மறுபடி பேச வேண்டுமென்றால் புது மனு வேண்டும், மனுதாரர்கள் நேரில் வந்தால் நல்லது என்றும் சொன்னார். பழைய மனுதாரர்களில் பாதிப் பேர் இப்போது எங்கள் பள்ளியில் இல்லை. இந்தக் கட்டுரையையும் அந்த முத்திரைப் படியையும் அவளுக்கு அனுப்புகிறேன். மறுபடி கையெழுத்துப் போடு என்று கேட்க எனக்கு வாயில்லை. வரைவு மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்; ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.