அதிராம்பட்டினத்திலும் பெய்யுது காஸ்மிக் மழை... அளப்பது ஊட்டியில்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிராம்பட்டினத்தைத் தாண்டும்போது உப்பளம், தென்னந்தோப்பு, முத்துப்பேட்டைப் பக்கம் நீளும் அலையாத்திக் காடு என்று பார்க்க நிறைய இருக்கிறது. இங்கே வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை வானம் பார்த்து விரியுங்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு துகள் உங்கள் கையைத் துளைத்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். வலிக்காது. அதன் பெயர் மியூவான்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்று மண்டலத்தில் மோதி உடையும். ஒன்று பலவாகி, அவை மேலும் மோதி, துகள் மழையாகக் கொட்டும். மியூவான் அதில் ஒரு துளி.

இந்த மழையை அளக்கும் இடம் நம்ம ஊட்டியில், 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3'. 8 மீட்டர் இடைவெளியில் சுமார் 400 பிளாஸ்டிக் சின்டிலேட்டர் கருவிகள். துகள் பட்டால் உள்ளே சின்னதாக ஒளி மின்னும். எந்தக் கருவியில் முதலில் மின்னியது என்று பார்த்தால், கதிர் வந்த திசை தெரிந்துவிடும். பக்கத்திலேயே கான்கிரீட்டுக்கு அடியில் 3,712 இரும்புக் குழாய்கள். கான்கிரீட் மற்ற துகள்களைத் தடுத்துவிடும். மியூவான் மட்டும் உள்ளே வரும். வந்த கதிர் புரோட்டானா, இரும்பு அணுக்கருவா என்று பிரித்துச் சொல்ல மியூவான் எண்ணிக்கைதான் துப்பு. அதனால்தான் இந்தப் பகுதியை இரட்டிப்பாக்கும் பணியை எடுத்தார்கள்.

டெல்டாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த இடிமேகத்தில் மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அதை வைத்துக் கணக்கிட்டதில், மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது தெரிந்தது! இடி இடிக்கும்போது வயலில் நிற்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. 2015 ஜூன் 22 சூரியப் புயலின்போது, இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடுதலாகக் கொட்டியதையும் இதே கருவி பிடித்தது. அப்படிப்பட்ட புயல் பலமாக அடித்தால், கடலுக்குப் போகும் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கூடத் தடுமாறலாம்.

ஆனால் மிக மிக அதிக ஆற்றல் கொண்ட கதிர்களுக்கு ஊட்டி மைதானம் போதாது. ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு வருஷத்துக்கு ஒன்று விழுவதே அபூர்வம். அதற்காக அர்ஜென்டினாவில் பியர் ஓஜே ஆய்வகம், 1.5 கிலோமீட்டருக்கு ஒன்றாக 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருக்கிறது. மொத்தம் 3,000 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம் தஞ்சாவூர் மாவட்டம் அளவு! இப்போது தொட்டிகளின் மேல் சின்டிலேட்டர் பலகையும் ரேடியோ ஆன்டெனாவும் சேர்த்திருக்கிறார்கள். காரணம் ஊட்டியில் சொன்னதேதான்: மியூவானைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு வேகத்தில் இவற்றை யார் எறிகிறார்கள்? வரும் வழியில் காந்தப்புலங்கள் திசையைத் திருப்பிவிடுவதால், இன்னும் உறுதியான பதில் இல்லை. லீவுக்கு ஊட்டி போனால் பொட்டானிக்கல் கார்டனோடு இந்தக் கதையையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பதில் கண்டுபிடிக்கப்போவது அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.