கோஷியென் மண்

யப்பான் நாட்டிற்குச் செல்வோர் ஃபூஜி மலையையும் கியோட்டோ நகரத்துக் கோயில்களையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆகஸ்ட் மாதத்தில் அங்கு செல்ல நேர்வோர் இன்னுமோர் இடத்தையும் தவறாது காணவேண்டும் என்பேன். அது கோயிலன்று, பேஸ்போல் விளையாடும் மைதானம். எனினும் அதனுள் அடியெடுத்து வைக்கும் மாணவர் தொப்பியைக் கழற்றித் தலைவணங்கிய பின்னரே செல்கின்றனர்.

ஒசாக்கா நகரின் உமேடா நிலையத்தில் மின்சார ரயிலேறினால், ஏறக்குறையக் கால்மணி நேரத்தில் கோஷியென் நிலையத்தில் இறங்கலாம். வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல், இடையே கொடி படர்ந்த மதில்களோடு அவ்வரங்கு நிற்கிறது. நம்மவர் பிரபவ முதலாக அறுபது ஆண்டுகளை எண்ணுவது போல யப்பானியருக்கும் அறுபதாண்டுச் சக்கரம் ஒன்றுண்டு. அச்சக்கரத்தின் முதலாண்டாகிய 1924இல், ஆகஸ்ட் முதலாந் திகதி திறக்கப்பட்டமையால், அவ்வாண்டின் பெயரையே அரங்கிற்கும் சூட்டினர்.

1872ஆம் ஆண்டளவில் ஹொரேஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தம் மாணவருக்குக் கற்பித்த ஆட்டம் அந்நாடெங்கும் பரவியது. 1915இல் பாடசாலைகளுக்கிடையே கோடைகாலப் போட்டி தொடங்கிற்று. இக்காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் மாகாணப் போட்டிகளில் இறங்குகின்றன. அவற்றுள் நாற்பத்தொன்பது குழுக்களே கோஷியெனை அடையும். ஒருமுறை தோற்றால் மறுவாய்ப்பில்லை. ஆகவே, ஒரேயொரு பாடசாலை தவிர ஏனைய யாவும் தோல்வியோடுதான் அந்த ஆண்டை முடிக்கின்றன.

ஆயிரம் அடி

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர். "ஐயா, அரங்கைப் பார்க்குமுன் பயிற்சிக் களத்தைப் பாருங்கள். வேரைக் கண்டபின் பூவைக் காணலாம்" என்று கூறி, அயலூர்ப் பாடசாலை ஒன்றிற்கு அதிகாலையிலேயே என்னை அழைத்துச் சென்றார்.

கிறிக்கெட்டும் எல்லேயும் அறிந்த நமக்கு இவ்வாட்டம் முற்றிலும் புதிதன்று. சதுரமொன்றின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள்; தளத்துக்குத் தளம் 90 அடி. பந்தை அடித்தவன் முதலாந் தளத்தை ஓடியடைய நான்கு வினாடிக்குச் சற்றே கூடுதலாகும். அதற்குள் தரையிலே உருண்டுவரும் பந்தைப் பொறுக்கி முதலாந் தளத்துக்கு எறிந்துவிட வேண்டும். இதுவே தளங்களைக் காக்கும் உட்களக்காரரின் கடமை. ஒருமுறை தடுமாறினால் ஓடுபவன் தப்பிவிடுவான்.

பயிற்சியாளர் மெல்லிய துடுப்பொன்றை ஏந்தித் தம் கையாலேயே பந்தை மேலே போட்டு, ஒவ்வொருவனை நோக்கியும் தரையோடு தரையாக அடித்தார். இதனை 'நொக்' என்கின்றனர். மாணவர் முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்றனர். கையுறையின் விரல்நுனி மண்ணைத் தொட்டது. பந்து புகுந்ததும் மற்றக் கை மேலிருந்து முதலைவாய் மூடுவது போல மூடிற்று. "பந்து வரும்வரை காத்திராதே, நீ பந்திடம் போ" என்று பயிற்சியாளர் அடிக்கடி கூவினார். பந்து தரையிலிருந்து எழுகின்ற கணத்திலோ, எழுந்து தாழ்கின்ற கணத்திலோ பிடித்தல் எளிது. இடைநிலையில் அகப்பட்டவனுடைய நெஞ்சிலோ தாடையிலோ அது மோதும். எங்கே சந்திப்பதென்பதைக் கண் தீர்மானிக்குமுன் கால் தீர்மானிக்க வேண்டும். அதற்காகவே 'ஆயிரம் நொக்' என்னும் கடும்பயிற்சியும் அந்நாட்டில் வழங்கி வந்தது.

ஓரமாகப் பந்துவீச்சாளர் சிலர் பந்தின்றியே பழகினர். கையிலே சிறு துவாலை. அதனை வீசி, காலை முன்வைத்து, உடலைத் திருப்பி, முழுவீச்சையும் செய்தனர். பந்தின் பாரமின்றியே உடலின் ஒழுங்கு படிவதற்கு இது வழி. முன்னாளில் இளைஞரின் தோளைப்பற்றி இத்துணைக் கவலை இருந்ததில்லை. 1998இல் யொக்கஹாமா பாடசாலையின் மட்சுசாகா டைசுகே, பதினேழு சுற்றுகள் நீண்ட ஓர் ஆட்டத்தில் 250 பந்துகளை வீசினார். நாடே வியந்தது; அஞ்சியோரும் உளர். 2020 முதல் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் ஒருவன் வீசலாகாதென விதி வகுக்கப்பட்டது.

அடிப்பவனுக்குப் பின்னால் முகக்காப்பும் மார்புக்கவசமும் அணிந்து குந்தியிருப்பவன் பந்தேந்துவோன். அவனுக்கு முன்னால் வேண்டுமென்றே பந்துகளைத் தரையிற் குத்தி எறிந்தனர். அவன் அவற்றைப் பிடிக்க முயலவில்லை. இருமுழங்காலிலும் விழுந்து, கையுறையைக் கால்களுக்கிடையே ஊன்றி, தோளை வளைத்து, மார்பினால் தடுத்தான். பந்து அவன் முன்னே சோர்ந்து விழுந்தது. "பிடிப்பதன்று இவன் வேலை, விடாமலிருப்பதே" என்றார் ஆசிரியர். களவாக இரண்டாந் தளத்துக்கு ஓடுபவனைத் தடுக்க, அதே பையன் எழுந்து 127 அடி தூரம் எறியவும் வேண்டும். பந்து கையுறையில் விழுந்து அத்தளத்தை எட்டுவதற்கு இரண்டு வினாடியே தேர்ந்தோரின் கணக்கு.

பயிற்சியாளர் களைத்தபோது உயரமான மாணவன் ஒருவன் துடுப்பை வாங்கிக் கொண்டான். இரண்டாம் மூன்றாந் தளங்களுக்கு இடையே நின்ற சிறுவனுக்கே அவன் மிகுதியாகப் பந்துகளை அடித்தான்.

"இவனும் குழுவைச் சேர்ந்தவனா?" என்று வினவினேன்.

"சேர்ந்திருந்தவன். இறுதியாண்டு மாணவன். சென்ற மாதம் மாகாணப் போட்டியில், இறுதிச் சுற்றில், அவ்விடத்திலே நின்று ஒரு பந்தைத் தவறவிட்டான். அத்தோடு அவர்களுடைய கோடை முடிந்தது."

"பின்னர் ஏன் வருகிறான்?"

"யாரும் வரச் சொல்லவில்லை" என்று மட்டும் ஆசிரியர் பதிலிறுத்தார்.

கடலிற் கொட்டிய மண்

அன்று பிற்பகல் கோஷியெனில் அமர்ந்திருந்தேன். அங்கே உட்களத்திற் புல்லில்லை. முழுவதும் கரிய மண்ணும் மணலும் கலந்த தரை. சங்கொலி ஊத ஆட்டம் தொடங்கிற்று. சங்கொலி ஊத முடிந்தது. தோற்ற மாணவர் முழந்தாளிட்டு, அழுதவண்ணம் அம்மண்ணை இருகையாலும் அள்ளிச் சிறு பைகளில் நிரப்பினர். வீட்டிற்குக் கொண்டு செல்வதற்காம்.

அப்போது ஆசிரியர் ஒரு வரலாற்றைக் கூறினார். 1958ஆம் ஆண்டு. ஒக்கினாவாத் தீவு அன்று அமெரிக்கர் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து முதன்முறையாக ஒரு குழு, ஷூரிப் பாடசாலைக் குழு, கோஷியெனுக்கு வந்தது. தம் நாட்டின் மைதானத்துக்கு வருவதற்கே அவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது! முதலாட்டத்திலேயே தோற்றனர்; மற்றவரைப் போலவே மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலேறினர். நாஹாத் துறைமுகத்தில் அதிகாரிகள் தடுத்தனர். பிறநாட்டு மண்ணை உள்ளே கொண்டுவரலாகாது என்பது பயிர்ப் பாதுகாப்புச் சட்டம். மண் முழுவதும் கடலிற் கொட்டப்பட்டது.

இச்செய்தி அறிந்து வருந்திய யப்பான் விமானக் கம்பனிப் பணிப்பெண்கள், கோஷியெனிலிருந்து சிறு கற்களைப் பெற்று அப்பாடசாலைக்கு அனுப்பினர். மண்ணைத் தடுத்த சட்டம் கல்லைத் தடுக்கவில்லை. அக்கற்கள் பாடசாலை வளவிலே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் பதிக்கப்பட்டன. 1963இல் அதே ஷூரிப் பாடசாலை ஒக்கினாவாவின் முதல் வெற்றியைப் பெற்றது. 1972இல் தீவு யப்பானிடம் மீண்டது. 2010இல் ஒக்கினாவாவின் கொனான் பாடசாலை கோடைப் போட்டியின் வெற்றிக் கொடியையே வென்று சென்றது.

மாலையில் திரும்பும் வழியில் மீண்டும் அப்பயிற்சிக் களத்தைக் கடந்தோம். மாணவர் வரிசையாக நின்று, தும்பியின் வடிவை ஒத்தமையால் 'தும்பி' என்றே அவர்கள் அழைக்கும் நீண்ட மரப்பலகைகளால் தரையைச் சமன்செய்து கொண்டிருந்தனர். உயரமான மாணவன் இரண்டாம் மூன்றாந் தளங்களுக்கு இடையே நின்றான். நாள் முழுவதும் சிறுவனுடைய கால்கள் தோண்டிய பள்ளத்தை நிரப்பி, தும்பியை இழுத்து, குனிந்து கையால் தடவிப் பார்த்தான். ஒரு சிறு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தான். நாளை அந்தக் கல்லிற் பட்டுப் பந்து வழி மாறலாகாதன்றோ!

பின்னர் எல்லாரும் ஒன்றாக நின்று, வெறுமையாய்க் கிடந்த களத்தை நோக்கித் தலைவணங்கினர். கோஷியென் மண் அம்மாணவனுக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவன் கைகளில் மண் இருந்தது.